கரிகாலனைக் கொன்றது யார்? ரசிகர் தியரி பற்றி ஓர் அறிமுகம்

சிங்கப்பூரில் தமிழ் நாவல் படிக்கிற நாலு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து, ‘ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். கோப்பி ஆறிப்போகும், விவாதம் ஆறாது. அந்தச் சோழ இளவரசன் கொலையாகிற கல்கியின் நாவல் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற பதில் இல்லை.

அந்த இடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். கடம்பூர் மாளிகை. நந்தினியும் கரிகாலனும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கரிகாலனின் நண்பன் வந்தியத்தேவன் மறைந்திருக்கிறான். அந்த மாளிகைப் பெண் மணிமேகலை பக்கத்திலேயே இருக்கிறாள். பாண்டிய மன்னனின் சாவுக்காக ரவிதாசன் கூட்டம் பழிவாங்கக் காத்திருக்கிறது. நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் மாறுவேடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார். விளக்கு அணைகிறது. திரும்ப வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். அப்புறம் மணிமேகலை ‘நான்தான் கொன்றேன்’ என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். சிறைக்குப் போவதோ வந்தியத்தேவன்.

இந்தத் தடயங்களையெல்லாம் கோத்து, ‘கொன்றது இன்னார்தான், ஏனென்றால்…’ என்று வாசகர் ஒருவர் தானாக ஒரு விளக்கம் கட்டுகிறார் இல்லையா, அதற்குத்தான் ரசிகர் தியரி என்று பெயர். கதை சொல்லாமல் விட்டதை, கதை சொன்னதை வைத்தே ஊகிப்பது. ஊரெல்லாம் ‘ஃபேன் தியரி’ என்கிறது. நாம் சுருக்கமாகத் தியரி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘பொன்னியின் செல்வன்’, ஹாரி பாட்டர், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, ‘தி வீல் ஆஃப் டைம்’ ஆகியவற்றின் முக்கியமான திருப்பங்கள் கீழே வருகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாதியில் வைத்திருந்தால், முடித்துவிட்டு வாருங்கள்.

‘பொன்னியின் செல்வன்’ சரித்திர நாவல், மாயாஜாலக் கதை இல்லை. ஆனாலும் தியரிகள் மிக அதிகமாக முளைப்பது எபிக் ஃபேண்டசி எனப்படும் பெருங்கற்பனைத் தொடர்களில்தான். காரணம் எளிது. அந்த உலகத்தின் விதிகள் நமக்குத் தெரியாது. எழுத்தாளர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்டுவார். பாகங்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழும். ‘தி வீல் ஆஃப் டைம்’ 1990இல் தொடங்கி 2013இல் 14 பாகங்களாக முடிந்தது. நடுவே, 2007இல், ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் காலமானார். கடைசி மூன்று பாகங்களை அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். இருபத்து மூன்று ஆண்டு காத்திருக்கும் வாசகர் சும்மா இருப்பாரா? பழைய பாகங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பார். படிக்கப் படிக்க, முதல் தடவை கண்ணில் படாத வரிகள் எல்லாம் எழுந்து நிற்கும்.

அந்தத் தொடரின் ஐந்தாம் பாகம் 1993இல் வந்தது. அதன் கடைசியில் அஸ்மோடியன் என்கிற பாத்திரம் ஒரு கதவைத் திறக்கிறது, யாரையோ பார்த்துத் திடுக்கிடுகிறது, செத்துப்போகிறது. கொன்றவர் யார் என்று அடுத்தடுத்த பாகங்கள் சொல்லவே இல்லை. வாசகர்கள் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கக்கூடியவர் யார், அவனைக் கொல்லக் காரணம் உள்ளவர் யார் என்று பதினேழு ஆண்டு பேசினார்கள். 2010இல் வந்த பாகத்தில், கதையில்கூட இல்லை, பின்னால் இருந்த சொற்பட்டியலில் ஒரு வரியில் பதில் வந்தது: கிரேண்டால் என்கிற வில்லி. அவள் பெயரை முன்பே சொல்லியிருந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, ஊகம் எல்லாமே தியரி ஆகிவிடுமா? ஆகாது. இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள்.

என் அக்கா மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் தடித்தடியான ஃபேண்டசி நாவல்கள்தான் அவள் உலகம். அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, கல்கி பக்தர். விடுமுறையில் அவருக்காகவே ‘பொன்னியின் செல்வன்’ தமிழிலேயே படித்து முடித்தாள். முடித்த கையோடு கேட்டாள்.

“தாத்தா, நீங்க யாருன்னு நினைக்கிறீங்க?”

“இதுல என்னம்மா சந்தேகம்? நந்தினிதான்.”

“எந்த அத்தியாயத்துல அப்படி இருக்கு?”

“அவ குணம் அப்படிம்மா.”

“குணம் ஆதாரம் ஆகாது தாத்தா. கத்தி யார் கையில இருந்ததுன்னு காட்டுங்க.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்தாம் பாகத்தை எடுத்தார். அன்று இரவு சாப்பாடு தாமதமாகத்தான் நடந்தது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. தியரி என்று சொன்னால் பக்கத்தைக் காட்ட வேண்டும். நமக்கு ஒருத்தரைப் பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். ‘இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே’ என்பது ஆசை. அந்த ஆசையை வைத்து நாமே கதை எழுதினால் அது ரசிகர் புனைவு. அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் அது தியரி ஆகாது.

ஆதாரங்களிலும் உயர்வு தாழ்வு உண்டு. முதல் இடம் புத்தகத்தில் அச்சான வரிகளுக்கு. அதற்குள்ளேயும், கதை சொல்பவர் நேராகச் சொல்வதற்கும் ஒரு பாத்திரம் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பாத்திரங்கள் பொய் சொல்வார்கள், தப்பாகவும் புரிந்துகொள்வார்கள். அடுத்த இடம் எழுத்தாளர் பேட்டிகளில் சொன்னதற்கு. அதற்கும் கீழேதான் படமும் தொலைக்காட்சித் தொடரும்.

கரிகாலன் விஷயத்தில் இன்னும் ஒரு வகை ஆதாரம் சேர்ந்துகொள்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியவர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் தரப்பினரின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டதையும் சொல்கிறது. உத்தம சோழருக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. இப்போது கேள்வி இதுதான்: கல்வெட்டில் ரவிதாசன் பெயர் இருப்பதால் நாவலிலும் அவன்தான் கொலையாளியா? என் பதில், இல்லை. சரித்திரத்தில் நடந்ததைக் கல்வெட்டு சொல்லும். கல்கி கட்டிய அந்த அறைக்குள் நடந்ததை அந்த அறையில் இருக்கும் தடயங்கள்தான் சொல்ல வேண்டும். கல்கிக்கு இந்தச் சரித்திரச் சிக்கல் நன்றாகவே தெரியும். அதனால்தான் விளக்கை அணைத்தார் என்பது என் எண்ணம்.

இனி மந்திரம். மந்திரம் பற்றிய தியரிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கணக்குப் போடுவதற்கு இடம் இருக்கிறது. பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு விதி சொன்னார். மந்திரத்தை வைத்து ஒரு சிக்கலைத் திருப்தியாகத் தீர்க்க முடிவது, அந்த மந்திரம் வாசகருக்கு எந்த அளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் என்பது அதன் சாரம். இது நமக்குப் புதிதா என்ன? மகாபாரதத்தில் கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் இருக்கிறது. யார் மேல் விட்டாலும் சாவு நிச்சயம், ஆனால் ஒரே ஒரு தடவைதான் விட முடியும். இந்த விதி தெரிந்த நிமிஷத்திலேயே கேட்பவர் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். கர்ணன் அதை அர்ஜுனனுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறான். அப்படியானால் அர்ஜுனன் பிழைக்க வேண்டுமென்றால் அது வேறு யார் மேலாவது போயாக வேண்டும். யார் மேல்? பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் வானத்தை மறைத்துக்கொண்டு கௌரவர் படையை அழிக்கிறான், வேறு வழியில்லாமல் கர்ணன் அதை அவன் மேல் விட்டுவிடுகிறான். கதையை முதல் தடவை கேட்கிற ஒரு கூர்மையான குழந்தை இதை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும். மந்திரத் தியரியின் முழு வேலையும் இவ்வளவுதான்: விதியைக் கண்டுபிடி, விதி எங்கே கொண்டுபோய்விடும் என்று பார்.

சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ இதையே இன்னும் கறாராகச் செய்கிறது. அங்கே சிலரால் உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் ‘எரிக்க’ முடியும். இரும்பு எரித்தால் மற்ற உலோகங்களை இழுக்கலாம், எஃகு எரித்தால் தள்ளலாம். இப்படி எல்லாம் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஆரம்பத்தில் அந்த உலகத்து மக்கள் பத்து உலோகம்தான் என்று நம்புகிறார்கள். பதினோராவது ஒன்று இருப்பதாகப் பேச்சு வருகிறது. ஜோடி விதி புரிந்த வாசகருக்குப் பதினொன்று என்ற எண்ணே உறுத்தும். ஒற்றைப்படையாக இருக்கிறதே, ஜோடி எங்கே?

எல்லா மந்திரமும் இப்படிக் கணக்குக்கு வராது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் டாம் பாம்பாடில் என்று ஒருவர் வருகிறார். எல்லோரையும் ஆட்டிப்படைக்கிற மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்கிறார், ஒன்றுமே ஆகவில்லை. அவர் யார் என்பதற்கு எண்ணற்ற தியரிகள் உண்டு. 1954இல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கீன், இப்படிப்பட்ட கதையில் சில புதிர்கள் இருந்தே ஆக வேண்டும், பாம்பாடில் வேண்டுமென்றே வைத்த ஒன்று என்ற பொருளில் சொல்லிவிட்டார். பதிலே வைக்காத கேள்விக்கு விடை தேடுவது வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாம்பாடிலைப் பற்றி யோசிக்கிற சாக்கில் மோதிரம் எப்படி வேலை செய்கிறது, ஆசை இல்லாதவனிடம் அது ஏன் தோற்கிறது என்பதெல்லாம் புரிந்துபோகிறது.

வில்லன் பக்கம் வந்தால், என் தலைமுறைக்கு ஹாரி பாட்டருக்குப் பாடம் நடத்தும் ஸ்னேப்தான். ஹாரி பாட்டரின் ஆறாம் பாகம் 2005 ஜூலையில் வந்தது. அதன் கடைசியில் ஸ்னேப், தன்னை முழுதாக நம்பிய தலைமை ஆசிரியர் டம்பிள்டோரைக் கொல்கிறார். ஏழாம் பாகம் வர இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது: ஸ்னேப் நல்லவரா, கெட்டவரா? 2007 ஜூலை 21 அன்று லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனபோது இங்கே காலை 7.01. அந்தக் காலையில்தான் இங்கும் புத்தகம் விற்பனைக்கு வந்தது.

நல்லவர் என்று வாதாடியவர்கள் எதைக் காட்டினார்கள் என்பதைப் பார்த்தால் தியரி கட்டுவது எப்படி என்று புரியும். முதல் பாகத்திலேயே ஹாரியைப் பறக்கும் துடைப்பத்திலிருந்து விழாமல் காத்தது ஸ்னேப். டம்பிள்டோரின் கை ஆறாம் பாகத்தின் தொடக்கத்திலிருந்தே கருகிப்போய் இருக்கிறது. அவர் எப்படியும் சாகப்போகிறவர். கடைசி நேரத்தில் அவர் ஸ்னேப்பிடம் கெஞ்சுகிறார், ஆனால் எதற்காகக் கெஞ்சுகிறார் என்று வரி சொல்லவில்லை. உயிருக்காக என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். அப்புறம், ஹாரிக்கு அம்மாவின் கண் என்று பாகத்துக்குப் பாகம் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறை விவரம். சேர்த்து வைத்தால் வேறு ஒரு மனிதர் தெரிகிறார். ஏழாம் பாகத்தில் அவர்தான் வந்தார்: டம்பிள்டோரே கேட்டுக்கொண்டதால் கொன்றவர், ஹாரியின் அம்மாவைக் கடைசி வரை நேசித்தவர்.

எதிர்ப்பக்கக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் நல்ல தியரி எல்லாம் ஜெயிக்கும் என்று தப்பாகப் போய்விடும். ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் மாஸ்ரிம் டைம் என்று ஒருவன் திடீரென்று நாயகன் பக்கம் வந்து சேர்கிறான். அதே சமயம் டெமாண்ட்ரெட் என்கிற பழங்காலத்துப் பெரும் வில்லன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்றே தெரியவில்லை. டைம்தான் டெமாண்ட்ரெட் என்று வாசகர்கள் சொன்னார்கள். ஆதாரம் சும்மா இல்லை. ஏயல் என்கிற போர்வீரர் இனத்தை டைம் ஒரு இடத்தில் ‘ஏயல் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்’ என்கிற தொனியில் பேசுகிறான். பழங்காலத்தில் ஏயல்கள் ஆயுதமே தொடாதவர்கள்; அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவனுக்குத்தான் இன்றைய ஏயல்கள் போலியாகத் தெரிவார்கள். எவ்வளவு அழகான தடயம்! ஆனால் ஜோர்டன் இருவரும் ஒருவர் இல்லை என்று நேரடியாகவே மறுத்துவிட்டார். 2013இல் வந்த கடைசி பாகத்தில் டெமாண்ட்ரெட் வேறு ஒரு நாட்டுப் படையோடு வந்து இறங்கினான். தியரி உடைந்தது. ஆனாலும் அதை நம்பியவர்கள் டைம் கெட்டவன் என்பதை மற்றவர்களுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். அவன் பேச்சை அவ்வளவு கூர்ந்து கேட்டதற்குக் கிடைத்த பலன் அது.

தியரி எப்போதும் ‘யார்’ என்று மட்டும் கேட்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தகவலை ஒட்டவைப்பதும் அதன் வேலை. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முன்னால் மகாபாரத நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நடக்கும், அதில் அர்ஜுனன் மகன் அரவானின் களப்பலியும் உண்டு. போருக்கு முன்பே பலியானவன் அரவான் என்கிறது தமிழ் மரபு. வியாசரின் பாரதத்திலோ அவன் எட்டாம் நாள் போரில் சாகிறான். பலியானவன் எட்டாம் நாள் எப்படிப் போரிட்டான்? பலியான பிறகும் போரைக் காண அவன் வரம் வாங்கிக்கொண்டான் என்று மரபு இரண்டையும் இணைக்கிறது. வழிபாட்டுக் கதையை ரசிகர் தியரி என்று நான் சொல்லவில்லை. கதையை விட்டுக்கொடுக்காமல் இடைவெளியை நிரப்புகிற அந்த மனப்பயிற்சி நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

உறவுத் தியரிகள் இரண்டு வகை. யார் யாரோடு சேருவார்கள் என்பது ஒன்று. இதை ‘ஷிப்’ என்பார்கள். இதில் ஆதாரத்தைவிட ஆசைதான் அதிகம் பேசும், சண்டையும் அதிகம். ஹாரி பாட்டரின் தோழி ஹெர்மியோனி சேர வேண்டியது ஹாரியோடா, நண்பன் ரானோடா என்று நடந்த சண்டையில் புத்தகம் ரான் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014இல் அந்தத் தொடரை எழுதிய ரௌலிங், அந்த ஜோடியைத் தன் சொந்த ஆசைக்காகவே சேர்த்துவைத்ததாகச் சொல்ல, பழைய சண்டை மறுபடி கிளம்பியது. புத்தகத்தில் இருப்பதுதான் கதை, அதை மாற்ற எழுத்தாளரின் பேட்டியாலும் முடியாது என்பது என் கட்சி.

இரண்டாவது வகை, யார் யாருடைய பிள்ளை என்பது. இதில் மிகப் பெயர் போனது ‘ஆர் + எல் = ஜே’. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996இல் வந்தது. அதில் ஜான் ஸ்னோ, நெட் ஸ்டார்க் பிரபுவுக்கு முறைதவறிப் பிறந்த மகனாக வளர்கிறான். அவன் உண்மையில் இளவரசன் ரேகருக்கும் நெட்டின் தங்கை லியன்னாவுக்கும் பிறந்தவன் என்று வாசகர்கள் சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். தடயம் ஒரு நீலப் பூ. ஒரு போட்டியில் ஜெயித்த ரேகர், மனைவியை விட்டுவிட்டு லியன்னாவுக்கு நீல ரோஜா மகுடம் சூட்டுகிறான். லியன்னா சாகும்போது அண்ணனிடம் ஏதோ சத்தியம் வாங்குகிறாள், என்ன சத்தியம் என்று புத்தகம் சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் ஒருத்தி காணும் காட்சியில், பனிச்சுவரின் விரிசலில் ஒரு நீலப் பூ பூத்திருக்கிறது. வடக்கு எல்லையில் இருக்கும் அந்தப் பனிச்சுவரைக் காக்கும் படையில் இருப்பவன் யார்? ஜான். 2016இல் தொலைக்காட்சித் தொடர் இதை உறுதி செய்தது. புத்தகம் இன்னும் செய்யவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அட, நம்ம சேந்தன் அமுதன்” என்றார். உண்மைதான். தஞ்சையில் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் அந்தச் சாதுவான பையன்தான் சோழ ராணி செம்பியன் மாதேவியின் சொந்த மகன் என்று கடைசியில் வருகிறது. அவள் மகனாக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் சிம்மாசனத்துக்கு ஏங்குகிறான். மாதேவியின் சிவபக்தியோ பூக்குடலை சுமக்கிறவனிடம் அப்படியே இருக்கிறது. கல்கி தடயத்தை நம் கண்ணெதிரேதான் வைத்திருந்தார்.

நீங்களும் தொடங்கலாம். முதல் வாசிப்பில் தியரியைத் தேடாதீர்கள், கதையோடு போங்கள். இரண்டாவது வாசிப்பில் உறுத்துகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் பென்சில் வேண்டாம், துண்டுத்தாள் போதும். உங்கள் ஊகத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுத்த மூன்று வரியைவிட, தள்ளித் தள்ளி இருக்கிற மூன்று அத்தியாயங்களிலிருந்து எடுத்த மூன்று வரி பலமானது. பிறகு, ‘எது நடந்தால் என் ஊகம் தப்பு?’ என்று ஒரு வரி. இந்த வரியை எழுத முடியவில்லையென்றால் அந்த ஊகத்தை யாராலும் சரிபார்க்க முடியாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு பயனில்லை. யாரிடமாவது சொல்லப் போகும்போது, அவர் எந்தப் பாகம் வரை வந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்தவரா என்றும் கேளுங்கள்.

பழகுவதற்கு முழுதாக முடிந்துபோன ஒரு தொடர் நல்லது, விடை கையிலேயே இருக்கும். ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று பாகங்கள் 2006, 2007, 2008இல் வந்து ஒரு கதையாக நிறைவடைகின்றன. முதல் பாகத்தை முடித்ததும் இரண்டாவதை உடனே எடுக்காமல், உலோகங்களை ஜோடி ஜோடியாக ஒரு தாளில் எழுதி, காலியாக இருக்கும் கட்டங்களில் என்ன வரும் என்று பேனாவால் நிரப்பி வையுங்கள். மூன்றாம் பாகம் முடிந்த பிறகு அந்தத் தாளை எடுத்துத் திருத்தலாம்.